ஸ்டோர் கீப்பர் மீது விழும் பழி

திருப்பூரில் குடோன் சாஃப்ட்வேர் வாங்கி, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு ஓரங்கட்டிய கம்பெனிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் காரணம் தயாராக இருக்கும்: ஆட்கள் சரியில்லை. ஸ்டோர் கீப்பர் பழைய ஆள், நோட்டை விட மாட்டேன் என்கிறார். லோடு இறக்கும் பையன்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், ஊருக்குப் போனால் திரும்பி வருவார்களா என்பதே நிச்சயமில்லை. ஸ்கேன் செய்யச் சொன்னால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இருப்பு எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் தங்கள் பிடி போய்விடும் என்று வேண்டுமென்றே குழப்புகிறார்கள். விற்றவர் இதைச் சொல்கிறார், வாங்கிய முதலாளியும் இதையே சொல்கிறார். தொழில் கூட்டங்களில் ‘மனநிலை மாற வேண்டும்’ என்று கொஞ்சம் மரியாதையாக இதே கருத்து வருகிறது. பழி சுமக்கும் ஸ்டோர் கீப்பர் அந்தக் கூட்டங்களில் இல்லை. சாஃப்ட்வேர் வாங்குமுன் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. இந்தக் கருத்து தவறு. இதை நம்பிக்கொண்டிருக்கும்வரை அடுத்து வாங்கும் சாஃப்ட்வேரும் இதே வழியில்தான் போகும். கணக்கு உடைந்திருப்பது குடோனில்தான் தெரிகிறது, உண்மை. ஆனால் அதை உடைத்த முடிவுகளும், எடுக்காமலே விட்ட முடிவுகளும் ஆபீஸ் அறையைச் சேர்ந்தவை.

‘நம் ஆட்களுக்குப் பழக்கம் வராது’ என்பதை முதலில் சோதித்துப் பார்ப்போம். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கும் இ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. இன்று டெம்போ டிரைவர் பில் போனுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார். டெலிவரி சலான் போடும் பையன் வண்டி நம்பரையும் ஜிஎஸ்டி நம்பரையும் ஓர் எழுத்து பிசகாமல் அடிக்கிறார். அதே ஆட்கள்தான், அதே படிப்புதான், ஷிப்மென்ட் நேரத்து அவசரமும் அதேதான். பிறகு பழக்கம் எப்படி வந்தது? அங்கே விதிவிலக்கு கிடையாது. ரோட்டில் வண்டியை நிறுத்தும் அதிகாரிக்கு முதலாளி போன் போட்டு, ‘இந்த ஒரு லோடை மட்டும் விடுங்கள், பில்லை நாளைக்குப் போட்டுக்கொள்கிறோம்’ என்று சொல்ல முடியாது. குடோன் சாஃப்ட்வேருக்கு அந்தக் காவல் இல்லை. பேக்கிங்கில் லேபிள் தீர்ந்துவிட்டது என்று மெர்ச்சண்டைசர் ஓடி வந்து ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போகிறார். நிட்டிங் யூனிட்டில் மெஷின் நிற்கிறது, நூலை உடனே ஏற்றுங்கள், என்ட்ரி பிறகு போடலாம் என்று மேலிருந்து உத்தரவு வருகிறது. ராத்திரி அதையெல்லாம் ஞாபகப்படுத்தி ஏற்றுவது ஸ்டோர் கீப்பரின் வேலை. ஒரு வாரத்தில் திரையில் ஓர் இருப்பு, தரையில் ஓர் இருப்பு என்றாகிவிடுகிறது. திரையை நம்பி ஒருமுறை கட்டிங் டேபிளுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றவர், மறுமுறை தன் நோட்டைத்தான் பார்ப்பார். அதைப் பிடிவாதம் என்று சொல்வது அநியாயம்.

விதிவிலக்கு என்பது ஒரு பகுதிதான். அதைவிடப் பெரிய விஷயம், எது குடோன் என்று கம்பெனியே முடிவு செய்யாமல் இருப்பது. கடைகளில் விற்கும் கிடங்கு சாஃப்ட்வேர்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியான கிடங்கை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை: பொருள் உள்ளே வரும், ரேக்கில் ஒரு கட்டத்தில் உட்காரும், வந்த உருவத்திலேயே வெளியே போகும். சூப்பர் மார்க்கெட்டுக்கும் ஆன்லைன் வியாபாரத்துக்கும் அது பொருந்தும். 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊரில் சரக்கு அப்படி நடப்பதில்லை. ஸ்பின்னிங் மில்லிலிருந்து வரும் நூல் நிட்டிங் யூனிட்டுக்குப் போகிறது. கிரே துணியாகி டையிங்குக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, தேவைப்பட்டால் பிரிண்டிங்குக்கு, பிறகுதான் கட்டிங். வெட்டிய பீஸ் எம்பிராய்டரிக்கோ தையல் கான்ட்ராக்டரிடமோ மறுபடியும் வெளியே போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வேறு முதலாளி, வேறு கூரை, பெரும்பாலும் வேறு உருவம். தொழிலாளியாக இருந்தவர்கள் மெஷின் போட்டுச் சிறு முதலாளிகளானதால் வளர்ந்த ஊர் இது. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ‘ஃப்ரேட்டர்னல் கேபிடல்’ என்ற நூல் அந்த வரலாற்றை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. வேலை இப்படிப் பிரிந்து கிடப்பதுதான் இந்த ஊரின் பலம். ஆனால் அதன் விளைவாக ஒரு கம்பெனியின் சரக்கில் பெரும்பகுதி எந்த நேரத்திலும் அதன் சுவர்களுக்கு வெளியேதான் இருக்கும். சொந்தக் கூரைக்குள் இருக்கும் ரேக்குகளுக்கு மட்டும் பார்கோடு ஒட்டிவிட்டு, குடோன் முழுக்கக் கணினிக்கு வந்துவிட்டது என்று அறிவிக்கிறார்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் கம்பெனிகளைவிடத் தெளிவாக இருக்கிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே முறைப்படி விற்கப்பட வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய தேதியிலேயே அது விற்பனை ஆனதாகக் கருதி வரி கேட்கப்படும். அனுப்பியதும் வந்ததும் ஐடிசி-04 படிவத்தில் போக வேண்டும். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை. டையிங்காரரிடம் கிடக்கும் துணி உங்கள் இருப்புதான் என்பதே இதன் பொருள். நடப்பு என்ன? அந்தப் படிவம் சலான் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு தனியாகத் தயாராகிறது. கேஷ் கிரெடிட் வாங்கிய வங்கிக்கு மாதாமாதம் போகும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் இன்னொரு மேஜையில் தயாராகிறது. ஸ்டோர் கீப்பரின் நோட்டு மூன்றாவது. சாஃப்ட்வேர் நான்காவது கணக்காக வந்து சேர்கிறது. நான்கும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் முடியாது. எந்தக் கணக்கு மற்றவற்றுக்குத் தாய் என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் ஸ்டோரில் வேலை செய்பவர் இல்லை.

இது திருப்பூருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1999 ஜூலையில் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதிய கணினி அமைப்பை ஒரேயடியாக ஓட்ட ஆரம்பித்தது. அந்த ஆண்டு ஹாலோவீன் சீசனில் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அதனால் அனுப்பி முடிக்க முடியவில்லை. சரக்கு செய்யாததால் வந்த வினை இல்லை. சீசனுக்கு முன் கிடைத்த இடத்திலெல்லாம், தொழிற்சாலையின் காலி அறைகளில்கூட, பெட்டிகளை அடுக்கி வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. வேலை பார்த்தவர்களுக்கு அந்த இடங்கள் தெரியும். புதிய அமைப்பில் அவை கிடங்காகவே பதிவாகவில்லை. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. அவசரம் அதில் முக்கியமானது. ஆனாலும் சரக்கு உண்மையில் எங்கே இருக்கிறது என்று அதைத் தூக்கி வைத்தவர்களிடம் கேட்காமல் ஒரு வரைபடம் போட்டதுதான் நம் கதைக்கு மிக நெருக்கமானது.

இனி அளவு விஷயத்துக்கு வருவோம், பழி அதிகமாக விழுவது இங்கேதான். நூல் கிலோவில் வருகிறது, துணி கிலோவிலும் ரோலிலும் நடக்கிறது, கட்டிங் முடிந்ததும் எல்லாம் பீஸ். ஒவ்வொரு கட்டத்திலும் எடை குறையும். பஞ்சிலுள்ள மெழுகும் அழுக்கும் டையிங்கில் வெளியேறும். நன்றாக ப்ளீச் செய்யும் வெள்ளைக்கும் வெளிர் நிறத்துக்கும் இழப்பு அதிகம். அடர் நிறத்தில் சாயம் ஏறுவதால் இழப்பில் கொஞ்சம் ஈடாகும். பயோ வாஷ் கேட்டிருந்தால் இன்னும் குறையும். இதற்கு மேல் ஈரம். பருத்திக்கு வணிகத்தில் ஏற்கப்பட்ட ஈர அளவு 8.5 சதவீதம், அதாவது முழுக்கக் காய்ந்த 1,000 கிலோ பருத்தி 1,085 கிலோவாக எடைபோடப்படும். வறண்ட மாதத்தில், மெஷினிலிருந்து சூடாக இறங்கிய துணியை உடனே தராசில் வைத்தால் ஈரம் 6.5 சதவீதமாக இருக்கலாம். அப்போது அதே துணி 1,065 கிலோ. யாரும் ஒரு முழம் தொடாமலே 20 கிலோ காணோம், ஏறத்தாழ நூறு டி-ஷர்ட்டுக்கான துணி. சாஃப்ட்வேர் இதைக் ‘குறைவு’ என்று சிவப்பில் காட்டுகிறது. அந்தச் சிவப்புக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஸ்டோர் கீப்பரைக் கூப்பிடுகிறார்கள். வெள்ளைக்கு இத்தனை சதவீத இழப்பு, கறுப்புக்கு இத்தனை, இறங்கி எத்தனை மணி நேரம் கழித்து எடை, யார் தராசில் என்ற கேள்விகளுக்கான பதில்கள் சாஃப்ட்வேரில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். டையிங்காரரோடு பேசி முடிவு செய்ய வேண்டிய பதில்கள் அவை. அந்தக் கட்டங்கள் காலியாகவோ, விற்றவர் போட்டுக் கொடுத்த ஏதோ ஓர் எண்ணோடோ கிடக்கின்றன.

பார்கோடு விஷயமும் இப்படித்தான். ஒவ்வொரு ரோலுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, ரோல் வாரியாகப் பின்தொடரலாம் என்று விற்பனைப் பேச்சில் சொல்லப்படுகிறது. கிரே ரோல்கள் டையிங்கில் முனையோடு முனை தைக்கப்பட்டு ஒரே கயிறாக மெஷினுக்குள் போகின்றன. காகித ஸ்டிக்கர் சாயத் தண்ணீரில் நிற்காது. காம்பாக்டிங் முடிந்து வெளியே வரும் ரோல்கள் உள்ளே போன ரோல்கள் இல்லை. எண்ணிக்கையும் வேறு, எடையும் வேறு. அந்த இடத்தைத் தாண்டி உயிரோடு வருவது லாட் நம்பர் ஒன்றுதான். ஒரே லாட்டை இரண்டு தடவையாகப் போட்டிருந்தால் ஷேடு மாறும் என்பதால், எந்தத் தடவை என்பதும் அதனோடு சேர்ந்து வர வேண்டும். ஸ்டோரில் வேலை செய்யும் எவருக்கும் இது தெரியும், துணியின் ஓரத்தில் மார்க்கரால் அதைத்தான் எழுதி வைக்கிறார்கள். ரோல் நம்பர் கேட்கும் திரைக்கு முன் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், திரை தவறான கேள்வி கேட்கிறது என்று அர்த்தம். ஜெர்மனியின் லிடில் நிறுவனம் ஏழாண்டு உழைப்பையும் சுமார் 50 கோடி யூரோவையும் விட்டுவிட்டு 2018இல் தன் புதிய சரக்குக் கணினித் திட்டத்தைக் கைவிட்டது. இருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடுவது அந்தக் கம்பெனியின் வழக்கம். வாங்கிய சாஃப்ட்வேரோ விற்கும் விலையில் மதிப்பிடச் செய்யப்பட்டது. எதை அளவாகக் கொள்வது என்ற அடிப்படைக் கேள்வி தீராததுதான் பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கே யாரும் லோடு இறக்கியவர்களைக் குற்றம் சொல்லவில்லை.

முடிவுகள் ஏன் எடுக்கப்படுவதில்லை என்று கேட்டால், நேரமின்மை ஒரு பதில். முழுப் பதில் இல்லை. கணக்கு கலங்கலாக இருப்பதில் சிலருக்கு ஆதாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த வாதம் முடியாது. 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு வந்துவிட்டது. சிறு, குறு நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால், அந்தச் செலவைக் கொடுக்கும் ஆண்டில்தான் கழித்துக்கொள்ள முடியும். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து கெடு ஓடத் தொடங்கும். கேட்டில் அன்றன்றைக்கு ஸ்கேன் ஆனால் அந்த நாள் மறுக்க முடியாத சாட்சியாகிவிடும். இழப்புச் சதவீதம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், எடை குறைவு என்று கடைசியில் டெபிட் நோட் போட்டு ஜாப் ஒர்க் கூலியைக் குறைக்கும் பேச்சுக்கு இடமில்லை. மிஞ்சிய சரக்கு உள்ளூர் விற்பனைக்காகக் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும்போது பீஸ் பீஸாகக் கணக்கில் இருந்தால் அதற்கும் பில் வேண்டும். இப்படி எல்லோரும் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை; நேராக நடத்துபவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் இந்த ஊர் நிற்கிறது. ஆனால் கலங்கலில் லாபம் காணும் கம்பெனியில் சாஃப்ட்வேர் ஓடாது, ஓட விடவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்திலும் பழி விழுவது தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர் மேல்தான் என்பது எனக்குக் கோபம் தருகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் கனமான ஒன்று உண்டு. தகவலைத் தன் தலைக்குள் பூட்டிவைத்து அதிகாரம் செய்யும் ஸ்டோர் கீப்பர்கள் இல்லையா? இருக்கிறார்கள். திருட்டும் நடக்கிறது. ஆனால் ஒருவரின் ஞாபகம் இத்தனை விலை பெற்றது எப்படி என்று பார்க்க வேண்டும். இருபது வருடமாக ஒத்துப்போகாத கணக்குகளுக்கு நடுவே ஷிப்மென்ட் தவறாமல் பார்த்துக்கொண்டது அந்த ஞாபகம்தான். அதற்கு மாற்றாக எதையும் கட்டாமல், ஒரு நாள் பார்கோடு ஸ்கேனரைக் கையில் கொடுத்து ‘இனி உன் ஞாபகம் தேவையில்லை’ என்று சொன்னால் அவர் அஞ்சுவது இயல்பு. சம்பளம் என்ன ஆகும், வேலை இருக்குமா என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இழப்புச் சதவீதத்தை ஏற்றும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால், எந்த டையிங்கில் எந்த நிறத்துக்கு எவ்வளவு வரும் என்று ஆடிட்டரைவிட அவர் துல்லியமாகச் சொல்வார். திருட்டைப் பொறுத்தவரை, இயல்பான இழப்பு எவ்வளவு என்று தெரியாத கணக்கில் திருட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஈரமும் டையிங்கும் கொண்டுபோன எடைக்கு நேர்மையானவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க, உண்மையில் எடுத்தவர் அதே சதவீதத்துக்குள் ஒளிந்துகொள்வார்.

வெளிமாநிலத்து ஆட்கள் நிலைப்பதில்லை என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. புதிதாக வந்தவரை ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்து பையர் ஏற்கும் தரத்தில் தைக்கப் பழக்கும் ஊர், ஒரு பட்டனை அழுத்தி ஸ்கேன் செய்யப் பழக்க முடியாது என்று சொல்வது நிற்காது. திரையில் ஆங்கிலம் மட்டும் இருந்தால் அது வாங்கியவரின் தேர்வு.

இன்னொரு மறுப்பு காலத்தைப் பற்றியது. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. இப்படிப்பட்ட நேரத்தில் கணக்கு முறையை நோண்டிக்கொண்டிருக்க முடியுமா என்கிறார்கள். நெருக்கடியில்தான் இருப்புக் கணக்கு காசாகிறது. 2022 மே மாதம் நூல் விலை கிலோவுக்கு 400 ரூபாயைத் தாண்டி, 16, 17 தேதிகளில் ஊரே கடையடைத்துப் போராடியது. அந்த விலையில், நிட்டிங் யூனிட்டுகளில் தன் நூல் எத்தனை மூட்டை மிச்சம் கிடக்கிறது என்று அறியாத கம்பெனி, இருக்கிற நூலையே மறுபடி விலை கொடுத்து வாங்கியிருக்கும். பையர் பக்கமும் நிலைமை மாறுகிறது. ஆர்கானிக் சான்று கேட்கும் ஆர்டரில் வாங்கிய நூலுக்கும் அனுப்பிய பீஸுக்கும் அளவு ஒத்துப்போக வேண்டும். இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று காட்டப்பட்டதை 2020இல் ஆர்கானிக் ஜவுளிக்குத் தரம் வகுக்கும் ஜிஓடிஎஸ் அமைப்பு வெளிப்படுத்திய பிறகு இந்தக் கேள்வி கூர்மையாகிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ஒன்று பொருளின் விவரங்களைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டுக்கு வழி வகுக்கிறது, அதில் ஆடைகள் முன்வரிசையில் இருக்கின்றன. துணி எந்த டையிங்கில் எந்த லாட்டாக இருந்தது என்பதை அன்றைக்கு ஆட்களின் மனநிலையைக் காரணம் காட்டி நிரப்ப முடியாது.

சிறு கம்பெனிக்கு இவ்வளவு தாங்குமா என்பது நியாயமான கவலை. ஆனால் மேலே சொன்னவற்றில் பணம் கேட்பது எது என்று எண்ணிப் பாருங்கள். நிறவாரியாக இழப்பை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடக் காகிதம் போதும். எல்லாச் சலானிலும் லாட் நம்பர் எழுதச் சொல்ல ஓர் உத்தரவு போதும். வெளியே கிடக்கும் சரக்கை டையிங் வாரியாக, நிட்டிங் வாரியாகப் பிரித்து வைக்க பலரிடம் ஏற்கெனவே இருக்கும் டாலி கணக்கு சாஃப்ட்வேரே தொடக்கத்துக்குப் போதும். கஷ்டமானது, என்ட்ரி இல்லாமல் எதுவும் வெளியே போகாது என்ற விதியை முதலாளி தன் மேலேயே போட்டுக்கொள்வது. அவசரத்தில் மீறத்தான் வேண்டும் என்றால், மீறியவர் பெயரிலேயே அது பதிவாக வேண்டும். ஸ்டோர் கீப்பர் பெயரில் இல்லை. மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் எந்த அறையிலிருந்து எத்தனை மீறல் வந்தது என்று தெரியும்.

வாங்க நினைப்பவர் விற்பனைக்காரர் காட்டும் டெமோவை ஒதுக்கி வைத்துவிட்டு, தன் கம்பெனியில் ஓடும் ஒரே ஒரு லாட்டை எடுத்துக்கொள்ளட்டும். நூல் மூட்டை இறங்கிய நாளிலிருந்து அட்டைப் பெட்டி கன்டெய்னரில் ஏறும் நாள்வரை, ஸ்டோர் கீப்பரையும் டையிங் யூனிட்டின் சூப்பர்வைசரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கைமாற்றத்திலும் எத்தனை கிலோ, எத்தனை பீஸ், யார் எடை, யார் ஒப்புக்கொண்டார் என்று சாதாரண நோட்டில் எழுதிப் பார்க்கட்டும். எத்தனை இடத்தில் எண் கிடைக்காமல் பேனா நிற்கிறதோ, அத்தனை இடத்திலும் அவர் வாங்கப் போகும் சாஃப்ட்வேரும் நிற்கும். அந்த இடங்களுக்கெல்லாம் பதில் எழுதிய பிறகு ஸ்கேனருக்கு ஆர்டர் கொடுக்கட்டும்.